விசிலுக்கு விரித்த வலை

"இனிமே நான் யார்கிட்டயும் எதையும் வாங்கப்போறதில்ல. குடுக்கப்போறேன்."

ஞாயிற்றுக்கிழமை காலை, காபிக்கும் பேப்பருக்கும் நடுவில் பல் டாக்டர் இப்படி அறிவித்தார். அறிவித்துவிட்டு மனைவியின் முகத்தைப் பார்த்தார். ஒரு சின்னத் திடுக்கிடலாவது தெரியும் என்று எதிர்பார்த்தார். அவளோ ரொட்டியில் வெண்ணெய் தடவிக்கொண்டிருந்தாள். ஓரம்கூட விட்டுப்போகாமல் தடவினாள்.

"நல்ல விஷயந்தான்," என்றாள். "ஆமா, எதிர்வீட்டு ரெஃபரி இருக்காரே, அவர் போன வாரம்..."

"பொறு. அவர் விஷயமாத்தான் நானும் பேச வர்றேன்."

"இல்லங்க, அவர் என்கிட்ட ஒரு..."

"குறுக்கப் பேசாத. முழுசாக் கேட்டுட்டு அப்புறம் ஆச்சரியப்படு."

அவள் ரொட்டியைக் கடித்தாள். சொல்ல வந்தது ரொட்டியோடு சேர்ந்து உள்ளே போயிற்று.

டாக்டரையும் குறை சொல்ல முடியாது. தொழில் அப்படி. காலையிலிருந்து மாலைவரை அவர் பேசுவார். எதிரே இருப்பவர் வாயில் பஞ்சு, எச்சில் உறிஞ்சும் குழாய், போதாக்குறைக்கு டாக்டரின் இரண்டு விரல். வெயிலைப் பற்றியோ விளையாட்டைப் பற்றியோ உலக நடப்பைப் பற்றியோ அவர் என்ன தீர்ப்புச் சொன்னாலும் மறுத்து ஒரு வார்த்தை வராது. மிஞ்சிப்போனால் "ஆ" என்று வரும். அதை ஆமோதிப்பு என்று எடுத்துக்கொள்வார். இப்படியே பல வருஷம் பழகியவருக்கு, தன்னை எதிர்த்துப் பேச உலகத்தில் ஆளில்லை என்ற எண்ணம் வந்துவிட்டது.

அவர் மனைவி கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பவள். தெருவில் எல்லோருக்கும் அவள் டீச்சர். கற்றுக்கொள்ள வருகிறவர் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டு உலகத்தையே தான்தான் ஓட்டுவதாக நினைத்துக்கொண்டிருப்பார். பக்கத்து சீட்டில் டீச்சர் பேசாமல் உட்கார்ந்திருப்பாள். அவள் காலடியில் இன்னொரு பிரேக் இருக்கும்.

டாக்டருக்குக் கார் ஓட்டத் தெரியாது. வீட்டிலேயே டீச்சர் இருக்கும்போது எதற்கு என்று விட்டுவிட்டார். தினமும் அவளே கிளினிக்கில் இறக்கிவிடுவாள்.

இந்த இரண்டு பேருக்கும் நடுவில் ஓர் அறை இருந்தது. வீட்டின் முன்னறை. தெருப்பக்கம் தனிக் கதவு, பெரிய ஜன்னல், நாள் முழுக்க வெளிச்சம். டாக்டர் அதை மியூசியம் என்பார். டீச்சர் அதை முன்னறை என்பாள். பெயரிலேயே தகராறு.

டாக்டர் பிறந்தது முதல் ஒரு பந்தைக்கூட உதைத்தவர் அல்ல. ஆனால் கால்பந்து என்றால் உயிர். அந்த ஊர் ஆட்டக்காரர்களுக்கோ அடிக்கடி பல் போகும். முழங்கை பட்டுப் போகும், கோல் கம்பத்தில் மோதிப் போகும், சில சமயம் சொந்த அணிக்காரன் கட்டிப்பிடித்துக் கொண்டாடும்போதே போகும். கையில் பல்லை வைத்துக்கொண்டு கிளினிக்குக்கு ஓடி வருவார்கள். டாக்டர் அழகாகக் கட்டிக்கொடுப்பார். காசு வாங்க மாட்டார். "நமக்குள்ள என்னப்பா கணக்கு? உன் ஞாபகமா ஏதாவது குடுத்துட்டுப் போ," என்பார். அப்படிச் சேர்ந்ததுதான் அத்தனையும். 'கதவு' என்று பெயர் வாங்கிய கோல்கீப்பரின் கையுறை. எதிரிகள் பயப்பட்ட முன்வரிசை ஆட்டக்காரர் ஒருவரின் பூட்ஸ். மைதானத்து மூலையில் நடுகிற மூலைக் கொடி. கிழிந்த வலையில் ஒரு துண்டு. வியர்வைக் கறையோடு சட்டைகள். அந்த ஊரில் ஓர் ஆட்டக்காரர் வாய் நிறையச் சிரித்தால், டாக்டர் வீட்டு அலமாரியில் ஒரு பொருள் கூடியிருக்கிறது என்று அர்த்தம்.

டீச்சருக்கு அந்த அறைமேல் ரொம்ப நாளாக ஒரு கண். சொந்தமாக ஒரு டிரைவிங் ஸ்கூல் தொடங்க வேண்டும். காரும் இருந்தது, அனுமதியும் வந்துவிட்டது. சாலைக் குறிகளைச் சொல்லித்தர ஓர் அறைதான் இல்லை. இப்போதைக்கு வாசலில் காரின் பானெட் மேல் அட்டைகளைப் பரப்பிப் பாடம் நடத்தினாள். காற்றடித்தால் 'மெதுவாகச் செல்லவும்' அட்டை படுவேகமாகப் பறந்து போகும். கற்றுக்கொள்ள வந்தவர்கள் அதைத் துரத்திக்கொண்டு ஓடுவார்கள்.

"அந்த முன்னறையைக் குடுங்களேன்," என்று பல தடவை கேட்டுவிட்டாள்.

"பந்தெல்லாம் எங்க போகும்?"

"பந்துதானே. உருண்டு போகும்."

"ஜோக்கா?"

"இல்ல, யோசனை."

பேச்சு ஒவ்வொரு முறையும் இங்கேயே முட்டிக்கொண்டு நிற்கும். அதனால்தான் டாக்டர் வாயிலிருந்து 'குடுக்கப்போறேன்' என்ற சொல் வந்ததும் அவள் வெண்ணெய்க் கத்தியைக் கீழே வைத்துவிட்டுக் காது கொடுத்துக் கேட்டாள்.

"எதிர்வீட்டு ரெஃபரிகிட்ட ஒரு விசில் இருக்கு," என்று ஆரம்பித்தார் டாக்டர்.

"தெரியும். அதைத்தான் நானும்..."

"உனக்கு எங்க தெரியும்? பந்து உருண்டையா சதுரமான்னு கேட்டாலே நீ யோசிப்ப. கேளு."

டாக்டர் சொன்னது ஊருக்கே தெரிந்த கதை. எதிர்வீட்டில் நாயோடு தனியாக இருக்கும் பெரியவர், ஓய்வு பெறுவதற்கு முன் பெரிய ரெஃபரி. அவர் கடைசியாக நடத்திவைத்தது ஓர் இறுதி ஆட்டம். கொட்டுகிற மழை. டாக்டர் ஆதரித்த அணி ஒரு கோல் முன்னே இருந்தது. எதிரணிக்காரன் அடித்த பந்து காற்றில் வந்துகொண்டிருந்தது. கோல்கீப்பர் சேற்றில் குப்புறக் கிடந்தார். பந்து கோட்டைத் தாண்டுவதற்கு ஒரு மூச்சு முன்னால் ரெஃபரி ஊதிவிட்டார். ஆட்டம் முடிந்தது, அதற்குப் பிறகு விழுந்தது கோல் அல்ல. பாதி ஊர் அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போயிற்று. மீதிப் பாதி அவரைத் தோளில் தூக்கிக்கொண்டு போய் ஆற்றில் போடப் பார்த்தது.

அந்தப் பந்து டாக்டரிடம் இருந்தது. ஜெயித்த அணியின் கேப்டன் முன்பல் வரிசையைக் கட்டிக்கொண்டு போகும்போது கொடுத்தது. மியூசியத்தின் நடு அலமாரியில், கண்ணாடிப் பெட்டிக்குள், சேறுகூடத் துடைக்காமல் வைத்திருந்தார். அதை நிறுத்திய விசில் மட்டும் வந்துவிட்டால் போதும். உலகத்தில் எந்த மியூசியமும் பக்கத்தில் நிற்க முடியாது என்பது அவர் கணிப்பு.

"அவர் வீட்டு ஹால்ல, கதவுப் பக்கத்து ஆணியில தொங்குது. கேட்டுலேர்ந்தே பாத்திருக்கேன்."

"வேணும்னா நேரா கேட்டுடலாமே."

"அங்கதான் நீ தப்பு பண்ற. விதியை விட்டு ஒரு அங்குலம் நகராத மனுஷன் அவர். கேட்டா இல்லன்னுடுவாரு. இல்லன்னு ஒரு தடவை சொல்லிட்டா தீந்துது. கேக்கவே கூடாது. அவரே குடுக்கணும்."

"எப்படிக் குடுப்பாரு?"

"நான் முதல்ல ஒண்ணு குடுப்பேன். சும்மா வாங்கிக்கிட்டா மனுஷனுக்கு உறுத்தும் இல்லையா? பதிலுக்கு ஏதாவது குடுத்தாத்தான் நிம்மதி. அவர் வீட்ல குடுக்கற மாதிரி என்ன இருக்கு? ஒரு விசில், ஒரு நாய். நாயைக் குடுக்க மாட்டாரு."

டீச்சர் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டே இருந்தாள். தன் மூளையைக் கண்டு மலைத்துப் போயிருக்கிறாள் என்று டாக்டர் எடுத்துக்கொண்டார்.

"எதைக் குடுக்கப்போறீங்க?" என்று கேட்டாள்.

"சின்னதா ஒண்ணு. மூலைக் கொடி."

"குடுங்க. அந்த மூலையாவது காலியாகும்."

சாயங்காலம் டாக்டர் நல்ல சட்டை போட்டுக்கொண்டு, கொடியைத் தோளில் சாய்த்துக்கொண்டு தெருவைத் தாண்டினார். ரெஃபரி வீட்டு வாசலில் ஒரு சின்னக் கார் புதிதாக நின்றது. யாரோ சொந்தக்காரர் வந்திருப்பார் என்று நினைத்துக்கொண்டார். நாய் அவரை முகர்ந்து பார்த்துவிட்டு, பொருட்படுத்த வேண்டிய ஆளில்லை என்று படுத்துக்கொண்டது.

"எனக்கா?" என்றார் ரெஃபரி. "எதுக்கு டாக்டர்?"

"சும்மாதான் சார். உங்களை மாதிரி ஒருத்தர்கிட்ட இருக்க வேண்டியது இது."

ரெஃபரி கொடியை இரண்டு கையாலும் வாங்கி, துணியைப் பிரித்து, கம்பின் உயரத்தைக் கண்ணாலேயே அளந்தார். "சரியான உயரம்," என்றார். அவர் வாயிலிருந்து இதைவிடப் பெரிய பாராட்டு வராது. டாக்டரின் கண் நைசாக ஆணிக்குப் போயிற்று. விசில் கறுப்புக் கயிற்றில் தொங்கிக்கொண்டிருந்தது.

"சும்மா வாங்கிக்க எனக்கு மனசு வராது," என்றார் ரெஃபரி. "இருங்க, வர்றேன்."

ரெஃபரி ஆணியைத் தாண்டிப் பின்பக்கம் போனார். திரும்பி வரும்போது கையில் ஒரு தொட்டி. அதில் ஒரு பச்சைக் கொடி, குச்சியைச் சுற்றிப் படர்ந்திருந்தது.

"கொடிக்குக் கொடி சரியாப் போச்சு," என்றார் திருப்தியாக.

தொட்டியைத் தூக்கிக்கொண்டு வந்த கணவரை டீச்சர் வாசலிலேயே எதிர்கொண்டாள். நடந்ததைக் கேட்டாள். சிரிக்கவில்லை. அதற்கு அவள் எவ்வளவு பாடுபட்டாள் என்று டாக்டருக்குத் தெரியாது.

"அவர் சமமாப் பாக்கறாரு," என்றாள். "நீங்க கொடி குடுத்தா அவரும் கொடி குடுக்கறாரு. அப்ப விசிலுக்குச் சமமா ஒண்ணு போனாத்தானே விசில் வரும்?"

"அதைத்தான் நானும் வர்ற வழியில யோசிச்சேன்," என்றார் டாக்டர். வருகிற வழியில் அவர் யோசித்ததெல்லாம் தொட்டியின் கனத்தைப் பற்றித்தான்.

அடுத்த வாரம் 'கதவு' கோல்கீப்பரின் கையுறை போயிற்று.

அது போகும்போது டாக்டருக்குக் கொஞ்சம் வலித்தது. ஆனால் பெரிய மீனுக்குச் சின்னப் புழுவை மாட்ட முடியுமா என்று தேற்றிக்கொண்டார். ரெஃபரி கையுறையைப் பார்த்ததும் அப்படியே உட்கார்ந்துவிட்டார். அதை மாட்டிப் பார்த்தார். விரல்களை மடக்கி நீட்டினார்.

"டாக்டர், இதுக்கு நான் என்ன பதில் செய்யறது? சொல்லுங்க. என்ன வேணும் உங்களுக்கு?"

இதைத்தானே எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். ஆனால் நல்ல குடும்பத்தில் வளர்ந்தவர். என்ன வேண்டும் என்று யாராவது கேட்டால், முதல் தடவை வேண்டாம் என்று சொல்லியாக வேண்டும். இரண்டாம் தடவை இழுக்க வேண்டும். மூன்றாம் தடவை, நீங்கள் இவ்வளவு சொல்வதால் என்று வாங்கிக்கொள்ள வேண்டும். நாக்கு பழக்கத்தில் புரண்டுவிட்டது.

"அய்யய்ய, ஒண்ணும் வேண்டாம் சார்."

"சரி," என்றார் ரெஃபரி.

அவ்வளவுதான். எழுந்து நின்று டாக்டரின் கையைப் பிடித்து அழுத்தமாகக் குலுக்கினார். கையுறை கொடுத்தவருக்குக் கை கொடுத்து அனுப்பிவிட்டார்.

"ஒரு தடவை வேண்டாம்னா வேண்டாம்னே எடுத்துக்கறாரே அந்த மனுஷன்," என்று வீட்டில் வந்து பொருமினார் டாக்டர்.

"ரெஃபரியாச்சே. ஒரு தடவை ஊதினா ஊதினதுதான்," என்றாள் டீச்சர். "இனிமே வேண்டாம்னு சொல்லாதீங்க. அப்புறம், ஒண்ணொண்ணாக் குடுக்கறதால அவருக்கு அது பெருசாத் தெரியலையோ என்னவோ."

"அப்படியா சொல்ற?"

"எனக்கென்ன தெரியும்? நீங்க சொன்னீங்களே, மனசு உறுத்தணும்னு. ஒரு கையுறைக்கு ஒரு கை குலுக்கினாரு. ரெண்டு பூட்ஸும் நாலு சட்டையும் மொத்தமாப் போனா, அந்த உறுத்தலைக் கையைக் குலுக்கித் தீத்துட முடியுமா?"

விளையாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாவிட்டாலும் மனித மனதைப் பற்றி இவளுக்குக் கொஞ்சம் தெரிந்திருக்கிறது என்று டாக்டர் மெச்சிக்கொண்டார். பூட்ஸ் போயிற்று. சட்டைகள் போயின. வலைத்துண்டை டீச்சரே சுருட்டிக் கட்டிக்கொடுத்தாள். ரெஃபரி ஒவ்வொன்றையும் வாங்கி, முறையாக நன்றி சொல்லி, முறையாக ஹாலில் மாட்டினார். பதிலுக்கு டாக்டருக்கு ஒரு குடை கிடைத்தது.

இதற்குள் முன்னறையில் அலமாரிகள் பல்லிழந்த வாய் மாதிரி நின்றன. டீச்சர் அளவு நாடாவோடு உள்ளே போவதும் வருவதுமாக இருந்தாள்.

"எதுக்கு அளக்கற?" என்று கேட்டார் டாக்டர்.

"காலியா நிக்கற அலமாரியில தூசிதான் சேருது. ஸ்டோர் ரூம்ல வச்சா கொள்ளுமான்னு பாக்கறேன். விசில் வந்தா இந்தப் பழைய அலமாரியிலயா வைப்பீங்க?"

"சேச்சே. அதுக்குத் தனியா ஒண்ணு செய்யணும்."

"அப்ப இதுங்க எதுக்கு?"

அலமாரிகள் ஸ்டோர் ரூமுக்குப் போயின. பந்து இருந்த கண்ணாடிப் பெட்டி மட்டும் நடு அறையில் தனியாக நின்றது.

பிறகு ஒரு நாள் அதிர்ஷ்டம் தானாகக் கிளினிக்குக்குள் நடந்து வந்தது. ரெஃபரிக்குக் கடைவாய்ப்பல் வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு வந்து நாற்காலியில் சாய்ந்தார். டாக்டர் விளக்கைத் திருப்பினார், பஞ்சை வைத்தார், குழாயை மாட்டினார். மனதுக்குள் ஒரு வெளிச்சம் அடித்தது. எந்த மனிதனிடம் இத்தனை நாள் கேட்க முடியாமல் தவித்தாரோ, அவர் இப்போது வேண்டாம் என்று சொல்ல முடியாத நிலையில் கிடந்தார்.

"சார், ஒரு சின்ன ஆசை," என்றார் டாக்டர், பல் பிடுங்கும் குறட்டைக் கையில் எடுத்துக்கொண்டு. "உங்க ஹால்ல ஆணியில ஒரு விசில் தொங்குதே, அதை எனக்குத் தருவீங்களா?"

ரெஃபரி தலையை மேலும் கீழும் வேகமாக ஆட்டினார்.

டாக்டருக்குத் தலைகால் புரியவில்லை. அன்றைக்கு அவர் பிடுங்கியதைப் போல ஒரு பல்லை வாழ்நாளில் பிடுங்கியதில்லை. பூப்பறித்த மாதிரி வந்தது. வாய் கொப்பளித்து, பஞ்சை மாற்றி, பேச்சு வரும்வரை காத்திருந்தார்.

"அப்ப சாயங்காலம் வந்து வாங்கிக்கட்டுமா சார்?"

"எதை?"

"விசிலை. தர்றதாத் தலையாட்டினீங்களே."

"வலிக்குதுன்னு ஆட்டினேன் டாக்டர்." ரெஃபரி கன்னத்தைத் தடவிக்கொண்டே அவரை விநோதமாகப் பார்த்தார். "ஆணியில தொங்கறதா? அது உங்களுக்கு எதுக்கு?"

"ஒரு ஞாபகத்துக்கு."

"அதைக் குடுத்தா எனக்குக் கஷ்டமாயிடுமே. காலையில ஒரு தடவை, சாயங்காலம் ஒரு தடவை ஊதியாகணும். இல்லன்னா முடியாது."

ரெஃபரி போன பிறகும் டாக்டர் கையில் குறடோடு நின்றார். பெரியவரின் நிலையை நினைத்து அவருக்கே மனசு இளகிவிட்டது. எவ்வளவு பெரிய ஆட்டம் அது. பாவம், தினமும் இரண்டு வேளை ஊதி அந்த மழை நாளுக்குள் போய்விட்டு வருகிறார்.

காரில் வீடு திரும்பும்போது இதை மனைவியிடம் சொன்னார். டீச்சர் திடீரென்று இருமினாள். காரை ஓரமாக நிறுத்தி, ஜன்னல் பக்கம் திரும்பி, இருமல் தீரும்வரை இருமினாள்.

"தினமும் ஊதறாராமா?" என்று கேட்டாள், கண்ணைத் துடைத்துக்கொண்டு.

"ஆமாம்மா. பழசை மறக்க முடியல."

"பாவந்தான்." காரை மறுபடி கிளப்பினாள். கொஞ்ச தூரம் போனதும், "நான் ஒண்ணு சொல்லட்டுமா? அந்த விசில் விஷயத்தை என்கிட்ட விட்டுடுங்க. நான்..."

"நீ தலையிடாத. இது விளையாட்டு விஷயம். உனக்குப் புரியாது. நாளைக்கு முடிச்சுடறேன்."

"நாளைக்கு எதைக் குடுப்பீங்க? ஒண்ணுதானே மிச்சம் இருக்கு."

"அதைத்தான் குடுக்கப்போறேன்," என்றார் டாக்டர்.

டீச்சர் வேகத்தைக் குறைத்தாள். வேண்டுமானால் இன்னொரு தடவை யோசித்துக்கொள்ளட்டும் என்பது போல வீடுவரை மெதுவாகவே ஓட்டினாள். டாக்டர் யோசிக்கவில்லை. விசிலுக்கு எப்படிப்பட்ட பெட்டி செய்வது என்று கண்ணை மூடிப் பார்த்துக்கொண்டே வந்தார். உள்ளே சிவப்பு வெல்வெட்.

அவர் திட்டம் இதுதான். பந்தும் விசிலும் ஒரே ஆட்டத்துப் பிள்ளைகள். பிரித்து வைப்பது பாவம் என்று அந்தப் பெரியவருக்குப் புரியவைக்க வேண்டும். பந்தைப் பார்த்தால் அவர் மனம் தாங்காது. இவ்வளவு பெரிய பொருளை நான் எப்படி வாங்கிக்கொள்வேன், இரண்டும் உங்கள் மியூசியத்திலேயே இருக்கட்டும் என்று விசிலை எடுத்து நீட்டுவார். இதில் ஓட்டை எங்கே இருக்கிறது என்று டாக்டர் நாலா பக்கமும் தேடிப்பார்த்தார். இருந்தால்தானே தெரிவதற்கு. ஓட்டையைக் கண்டுபிடிப்பதும் அடைப்பதும் அவர் தொழிலாயிற்றே.

மறுநாள் பந்தோடு ரெஃபரி வீட்டு ஹாலுக்குள் நுழைந்தபோது டாக்டருக்குத் தன் பழைய அறைக்குள்ளேயே நுழைந்த மாதிரி இருந்தது. கொடி ஒரு மூலையில், கையுறை சுவரில், பூட்ஸ் ஒரு மேஜைமேல். எல்லாம் கோடு போட்ட மாதிரி நேராக. தன் வீட்டில் இவ்வளவு நன்றாக இருந்ததில்லை என்பதை டாக்டர் கவனித்தும் கவனிக்காதது போல் இருந்தார்.

பந்தைக் கண்டதும் ரெஃபரி எழுந்து நின்றார். சேறு காய்ந்திருந்த இடத்தை ஒரு விரலால் தொட்டார்.

"இதே பந்துதான்," என்றார். "கோடு தாண்டலை டாக்டர். நான் ஊதும்போது தாண்டலை. எத்தனை வருஷமா சொல்றேன்."

"எனக்குத் தெரியும் சார். அதான் கொண்டுவந்தேன். இது உங்களுக்கு."

"இதையுமா?"

"இதையும்தான். ஆனா ஒண்ணு சார். அந்த ஆட்டத்துப் பொருளெல்லாம் தனித்தனியாக் கெடக்கறது எனக்கு என்னவோ போல இருக்கு. ஒரே இடத்துல இருக்கறதுதான் நியாயம்னு தோணுது. நீங்க என்ன சொல்றீங்க?"

ரெஃபரி நீண்ட நேரம் யோசித்தார். நியாயம் என்ற சொல் வந்துவிட்டால் அவர் அவசரப்பட மாட்டார்.

"ரொம்பச் சரி," என்றார். "ஒரே இடத்துலதான் இருக்கணும்."

டாக்டர் கையை நீட்டத் தயாரானார்.

"அதனால இது இங்கயே இருக்கட்டும்," என்றார் ரெஃபரி. பந்தை அணைத்துக்கொண்டுபோய், கையுறைக்கும் பூட்ஸுக்கும் நடுவில், அதற்கென்றே விட்டுவைத்தது போன்ற ஓர் இடத்தில் வைத்தார். திரும்பியபோது அவர் கண் கலங்கியிருந்தது. "டாக்டர், நான் எத்தனையோ பேரைப் பாத்துட்டேன். ஆட்டம் ஆடறவன், பாக்கறவன், பந்தயம் கட்டறவன், எல்லாருமே ஏதாவது ஒண்ணை எதிர்பாத்துத்தான் வருவான். எதையுமே எதிர்பாக்காம குடுக்கற மனுஷன் நீங்க ஒருத்தர்தான்."

இதற்குப் பிறகு அந்த ஆணியைப் பற்றி எப்படிப் பேசுவது? டாக்டர் பல்லைக் கடித்துக்கொண்டு சிரித்தார். இரண்டையும் ஒரே நேரத்தில் செய்வது கடினம். அவருக்குத் தொழில் தெரிந்ததால் முடிந்தது.

வாசலுக்கு வந்து செருப்பை மாட்டினார். அந்த நேரம் ரெஃபரி ஆணியிலிருந்து விசிலை எடுத்தார். டாக்டர் அப்படியே நின்றார். ரெஃபரி அதை வாயில் வைத்து இரண்டு முறை ஊதினார். தெருக்கோடியில் எதையோ தோண்டிக்கொண்டிருந்த நாய் தலையைத் தூக்கி, காதை விறைத்து, ஓட்டமாக ஓடி வந்து அவர் காலடியில் படுத்தது.

"இது இல்லன்னா இந்தப் பய வீட்டுக்கே வர மாட்டான்," என்றார் ரெஃபரி. விசிலைப் பழையபடி ஆணியில் மாட்டினார்.

டாக்டர் தெருவைத் தாண்டினார். எப்படித் தாண்டினார் என்று அவருக்கே தெரியாது. தன் வீட்டு முன்னறைக் கதவு திறந்திருந்தது. உள்ளே பெஞ்சுகள் வரிசையாக இருந்தன. சுவரில் சாலைக் குறிகள், சிவப்பும் நீலமுமாக. கண்ணாடிப் பெட்டி நின்ற இடத்தில் டீச்சரின் மேஜை. அவள் சாக்பீஸ் தூசியைக் கையிலிருந்து தட்டிக்கொண்டிருந்தாள். அவள் கழுத்தில் மங்கிய பித்தளை விசில் ஒன்று தொங்கியது.

"அது என்ன?" என்றார் டாக்டர்.

"விசில்."

"எந்த விசில்?"

"நீங்க சொல்ற அதே மழை, அதே ஆட்டம், அதே விசில். ரெஃபரி குடுத்தாரு. என்கிட்டதான் கார் ஓட்டக் கத்துக்கிட்டாரு. பச்சை விளக்கு எரிஞ்சாலும் சந்தேகம் தீர்ற வரைக்கும் நகர மாட்டாரு. பின்னால ஊரே நின்னு ஹாரன் அடிக்கும். ரெண்டு தடவை ஃபெயிலாகி, மூணாவதுல பாஸ் பண்ணாரு. உனக்குக் குடுக்க என்கிட்ட இதைவிடப் பெருசா எதுவும் இல்லம்மான்னு குடுத்துட்டுப் போனாரு."

"எப்ப?"

"நீங்க குடுக்கப்போறேன்னு அறிவிச்சீங்களே, அதுக்கு முந்தின வாரம்."

டாக்டர் பக்கத்து பெஞ்சில் உட்கார்ந்தார்.

"ஏன் சொல்லல?"

"சொல்லத்தானே வந்தேன். குறுக்கப் பேசாதன்னீங்க. அப்புறம் ஒரு தடவை சொல்ல வந்தேன். உனக்கு எங்க தெரியும்னீங்க. நேத்து கார்லயும் சொல்ல வந்தேன்." டீச்சர் அவர் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். "இந்த அறையையும் நான் நேராத்தான் கேட்டேன். நேராக் கேட்டு எதுவும் நடக்கலை. சரி, நீங்க போற வழியிலயே போகட்டும்னு விட்டுட்டேன்."

டாக்டருக்குப் பதில் சொல்ல வாய் திறந்தது. பஞ்சு வைத்த மாதிரி "ஆ" என்றுதான் வந்தது. கொஞ்ச நேரம் சுவரில் இருந்த குறிகளைப் பார்த்துக்கொண்டிருந்தார். அவற்றில் ஒன்றுக்குக்கூட அவருக்கு அர்த்தம் தெரியவில்லை. ஆனாலும் அவர் சுலபத்தில் தளர்கிறவர் அல்ல. பேச்சு திரும்பியதும் நம்பிக்கையும் திரும்பிவிட்டது.

"சரி, போனது போகட்டும். அந்த விசிலை எனக்குப் பரிசாக் குடுத்துடு. புருஷனுக்குக் குடுக்கறதுல என்ன?"

"தாராளமாக் குடுக்கறேன். ஆனா இது டெஸ்ட் பாஸானதுக்காக வந்த பொருள். நீங்களும் பாஸ் பண்ணுங்க. அன்னிக்கே உங்க கழுத்துல நானே மாட்டறேன்."

"அவ்வளவுதானே? ரெஃபரி ஓட்டற காரை நான் ஓட்ட மாட்டேனா? அடுத்த மாசம் இதே நேரம் அந்த விசில் என்கிட்ட இருக்கும், பாரு."

"காலையில எல்லாரும் வர்ற நேரத்துக்கு நீங்களும் வந்துடுங்க," என்றாள் டீச்சர். "முன் பெஞ்சு உங்களுக்கு."

அந்த டிரைவிங் ஸ்கூலில் முதலில் சேர்ந்தவர் டாக்டர்தான். அவருக்குப் பின்னால் சேர்ந்தவர்கள் எல்லோரும் பாஸ் பண்ணிவிட்டுப் போய்விட்டார்கள்.